வெள்ளைப் பூ ஸ்வீட் க்ளோவர்: தீவனமும் விதையும்

நம் வெந்தயத்திற்கு உறவான ஒரு பயறுவகைச் செடி அமெரிக்காவிலும் கானடாவிலும் ‘ஸ்வீட் க்ளோவர்’ என வழங்கப்படுகிறது. அதன் வெள்ளைப் பூ இனம் நிலத்திற்குத் தழைச்சத்தையும், தேனீக்களுக்குத் தேனையும், மாடுகளுக்குத் தீவனத்தையும் அளிக்கிறது. அதன் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிவது நலம் என எண்ணுகிறோம்.

இச்செடி பொதுவாக இரண்டாம் ஆண்டிலேயே பூத்துக் காய்க்கும். அயோவா மாகாணத்தில் பேராசிரியர் ஹியூஸ் என்பார், ஒரே ஆண்டில் பூக்கும் வகையை 1916-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். விதை அலபாமாவிலிருந்து வந்ததாதலின், இரு பெயர்களையும் இணைத்து அதனை ‘ஹூபாம்’ என்றனர்.

ஆனால் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்துன்பம் நேர்ந்தது. இத்தீவனத்தைத் தின்ற மாடுகள், சிறு காயம் பட்டாலும் குருதி நிற்காமல் மாண்டன. சரியாக உலராமல் பூஞ்சணம் பிடித்த தீவனமே காரணம் என்பதைக் கானடாவில் கால்நடை மருத்துவர் ஸ்கோஃபீல்டு காட்டினார். செடிக்கு நறுமணம் தரும் கூமரின் என்னும் பொருளைப் பூஞ்சணம் நஞ்சாக மாற்றிவிடுகிறது. அந்நஞ்சை 1939-இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் லிங்க் என்பாரின் குழுவினர் பிரித்தெடுத்தனர்.

இதற்குப் பரிகாரமாகக் கூமரின் குறைந்த வகைகளை அறிஞர்கள் உருவாக்கினர். அமெரிக்காவின் ‘டென்டா’வும் கானடாவின் ‘போலாரா’வும் அத்தகையவை. தீவனத்திற்கு இவையே தக்கவை. எனினும் பூஞ்சணம் பிடித்ததை எந்த மாட்டிற்கும் இடலாகாது.

விதை வளர்ப்போர்க்கு இங்கேதான் பொறுப்பு மிகுதி. கூமரின் மிகுந்த செடியும் குறைந்த செடியும் பார்வைக்கு ஒன்றே. அருகில் பழைய வகை பூத்திருந்தால், தேனீக்கள் அதன் மகரந்தத்தைக் கொணர்ந்து சேர்க்கும்; விளையும் விதையில் பழைய குணம் புகும். கண்ணால் எவரும் அறியார். வாங்கியவனின் மாடுதான் அதன் விலையைக் கொடுக்கும்! ஆகவே விதை வயலைத் தனிமைப்படுத்தல் இன்றியமையாதது. விதையுறை கடினமானதால், விதைக்குமுன் அதனைச் சற்றே உராய்ந்து கொடுத்தால் முளைப்பு நன்றாகும்.

தேனீக்கு வேலி கிடையாது. ஒருவன் தன் வயலை மட்டும் காத்துத் தூய விதை பெற இயலாது; அண்டை வயலாரின் இசைவும் வேண்டும். எப்பயிரில் விதை எடுத்தாலும், கூடிச் செயலாற்றும் சங்கத்தினராகிய நாம் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.