இரண்டாவது சீருடை

படையிலிருந்து ஓய்வுபெற்று, பயணிகள் விமானத்தின் காக்பிட்டுக்கு வருபவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள், எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது?

2018 ஏப்ரல் 17. நியூயார்க்கிலிருந்து டல்லஸுக்குக் கிளம்பிய சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம், ஏறக்குறைய 32,000 அடி உயரத்தில் இருந்தபோது இடது இன்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. சிதறிய பாகங்களால் ஒரு ஜன்னல் உடைய, கேபினுக்குள் காற்றழுத்தம் சட்டென்று இறங்கியது. விமானம் இடப்பக்கமாக 41 டிகிரி சாய்ந்தது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி டேரன் எல்லிசர். அவர் சாய்வை நிமிர்த்தி, விமானத்தை வேகமாகக் கீழே கொண்டுவந்தார். பிறகு கேப்டன் டேமி ஜோ ஷல்ட்ஸ் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவில் தரையிறக்கினார். பயணி ஒருவர் இறந்துபோனார். மற்ற 148 பேரும் பிழைத்தார்கள்.

ஷல்ட்ஸ், அமெரிக்கக் கடற்படையில் எஃப்/ஏ-18 போர் விமானம் ஓட்டிய முதல் பெண்களில் ஒருவர். எல்லிசர் விமானப் படையிலிருந்து வந்தவர். செய்திகளில் அவர்களுடைய படைப் பின்னணி பெரிதாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால், ஷல்ட்ஸ் கடற்படையின் முழுநேரப் பணியை விட்டு வந்து அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓட்டுவது யார், செக்லிஸ்ட் படிப்பது யார், தரையோடு பேசுவது யார் என்று நொடியில் வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கம், பயணிகள் விமானம் ஓட்டிய அந்த ஆண்டுகளில் மேலும் உறுதிப்பட்ட ஒன்று.

அரக்கோணமும் 737-ம்

நம் ஊரிலும் இந்தப் பாதை உண்டு. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ, கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம். போயிங் 737-800 விமானத்தை அடிப்படையாகக் கொண்டு உருவானது. அதை ஓட்டிய ஓர் அதிகாரி நாளை ஒரு 737 பயணிகள் விமானத்தில் உட்கார்ந்தால், எதிரே உள்ள பல கருவிகள் அவருக்குப் பழகியவை.

எல்லோருக்கும் இந்த வசதி கிடைக்காது. சூலூர் விமானப் படைத் தளத்தில் தேஜஸ் போர் விமானம் ஓட்டுபவரின் ஒரு பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும். சரக்கு விமானம் ஓட்டியவரின் லாக் புக்கில் மணிக்கணக்கு மளமளவென்று ஏறும். போர் விமானியின் லாக் புக்கில் மெதுவாகத்தான் ஏறும். சிவில் உலகில் இந்தக் கணக்குக்குத்தான் மதிப்பு. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம், கேப்டன் ஆவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம். அமெரிக்காவில் படை விமானிகளுக்கு மட்டும் 750 மணி நேரத்திலேயே கட்டுப்பாடுகளுடன் கூடிய உயர்நிலை உரிமம் தருகிறார்கள்.

சட்டையில் குத்திய சிறகுச் சின்னம் உரிமமாகிவிடாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் 70 சதவீத மதிப்பெண் வாங்க வேண்டும். அனுபவத்துக்காகச் சில சலுகைகள் உண்டு. ஆனாலும், சிவில் விமான விதிகளைப் படித்தே ஆக வேண்டும். அதன்பின் ஏர்பஸ் 320, போயிங் 737 என ஓட்டப்போகும் வகைக்கான டைப் ரேட்டிங்கை சிமுலேட்டரில் முடிக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கையில் இருந்தாக வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் சிமுலேட்டர் சோதனை தொடர்ந்து வரும்.

வலது இருக்கை

தேர்வைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை விங் கமாண்டர். அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இன்று அவர் வலது இருக்கையில் துணை விமானி. இடது இருக்கையில் இருக்கும் கேப்டன் அவரைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம். விமான நிறுவனத்தில் சீனியாரிட்டி, சேர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறது. பழைய பதவி வாசலோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் மாற வேண்டும். படையில் கொடுத்த பணியை முடித்துத் திரும்புவது பெருமை. ஆபத்தை ஏற்பது கடமை. பயணிகள் விமானத்தில் அந்தக் கணக்கு தலைகீழ். ஓடுபாதை நெருங்கும்போது வேகமோ உயரமோ வரம்பு மீறியிருந்தால் தரையிறங்காமல் மேலே எழும்பிவிட வேண்டும். இதை கோ-அரவுண்ட் என்கிறார்கள். சில நிமிடங்கள் தாமதமாகும், எரிபொருள் செலவாகும், பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் அதுதான் சரியான முடிவு. இளம் கேப்டன் அதைச் செய்யத் தயங்கினால், வலது இருக்கையில் இருக்கும் மூத்தவர் 'கோ-அரவுண்ட்' என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அவரே ஓட்டும்போது கேப்டன் சொன்னால், மறுபேச்சில்லாமல் எழும்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி மனப்பக்குவம் தேவை.

படையில் பறக்காதவர்களுக்கு

தரைப்படையிலோ பராமரிப்புப் பிரிவிலோ இருந்துவிட்டு, நாற்பதை ஒட்டிய வயதில் புதிதாகப் பறக்க விரும்புபவர்களும் உண்டு. பயணிகள் விமானம் ஓட்ட உச்ச வயது 65. எனவே, காலம் கடந்துவிடவில்லை. செலவுதான் பெரும் தடை: இந்தியாவில் பயிற்சி முடிக்க அரைக் கோடி ரூபாய் அளவுக்கு ஆகிவிடும். உரிமம் கிடைத்தவுடன் வேலை கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இருபது வயது இளைஞர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, மருத்துவச் சான்றிதழ் வாங்குவது. அது கிடைக்காமல் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. அது கிடைத்த பிறகும் ஓய்வுக்கால நிதி மொத்தத்தையும் ஒரே தவணையில் கொடுத்துவிடக் கூடாது. அந்தப் பள்ளியில் எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, மாதம் எத்தனை மணி நேரம் பறக்கத் தருகிறார்கள் என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படை விமானிகளோ ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே தேர்வுகளை எழுதத் தொடங்கிவிடுவது நல்லது. லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய அதிகாரியின் கையொப்பத்தை, பணியில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பழைய தளங்களுக்கு அலைவது சிரமம். ஒரு போர் விமானியை உருவாக்க நாடு பெரும்பணம் செலவிடுகிறது. அந்த அனுபவம் ஓய்வு நாளோடு வீணாகக் கூடாது. படைகளும் டி.ஜி.சி.ஏ.யும் சேர்ந்து, பணிக்காலத்தின் கடைசி ஆண்டிலேயே சிவில் உரிமம் கைக்கு வரும்படி ஏற்பாடு செய்தால், அதன் பலன் அந்த விமானிக்கு மட்டுமல்ல, அவரை நம்பி ஏறும் ஒவ்வொரு பயணிக்கும் கிடைக்கும்.