சொந்த இணையதளம்: மல்லாபூர்த் தமிழர் கவனத்திற்கு

நாச்சாரத்தை அடுத்த மல்லாபூரில் ஊறுகாய் வியாபாரம் செய்யும் தமிழரானாலும், சங்கம் நடத்துபவரானாலும், இணையதளம் என்றதும் முதலில் பணத்தைத்தான் எண்ணுகிறார். முதல் பக்கத்துக்குக் காலணா வேண்டாம் என்றால் நம்புவது சிரமமே.

கம்ப்யூட்டரில் உள்ள நோட்பேட் போதும். எச்.டி.எம்.எல். என்னும் குறிமுறையில் தலைப்பு இது, பத்தி இது என்று அடையாளமிட்டு, 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற பெயரில் சேமித்து, பிரவுசரில் திறந்தால் பக்கம் தெரியும். இன்டர்நெட் இணைப்புகூடத் தேவையில்லை. 1991ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ அமைத்த முதல் தளமும் வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான்.

தமிழருக்கு இடையூறு எழுத்தில் இருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். அந்நாளில் படிப்பவர் கம்ப்யூட்டரிலும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். இல்லையேல் புரியாத குறிகளே வரும். ஆளுக்கோர் எழுத்துரு என்றிருந்த குழப்பம் யூனிகோடு பரவிய பின்னரே தணிந்தது. அதைக் காண கோவிந்தசாமி இல்லை; 1999லேயே காலமாகிவிட்டார். இன்றும் பக்கத்தின் தலைப்பகுதியில் 'யூ.டி.எப்.-8' என்று குறிக்க வேண்டும். புதியவர்கள் மறப்பது அந்த ஒரு வரியைத்தான்.

பக்கத்தை ஏற்ற கிட்ஹப் போன்றவை இலவச இடம் தருகின்றன. தனிப் பெயர் வேண்டுமானால் ஆண்டுக் கட்டணம் உண்டு. அதைத் தளம் அமைத்துத் தரும் பையனின் பெயரில் பதியவிடக் கூடாது. அவன் வேலை கிடைத்து வேறூர் போய்விட்டால், கெடு முடிந்ததும் கடைப் பெயரே கைவிட்டுப் போகும்.