பதிவேட்டில் ஏறாத கடி

"தம்பி, நீ ஏதோ ஆஸ்பத்திரிக் கணக்கு வேலை பார்க்கறேன்னு சொன்னியே. டேட்டாங்கறாங்க, சயின்ஸுங்கறாங்க. அதை வெச்சு யாருக்காவது சீக்கு குணமாகுமா?"

டீக்கடை அண்ணன் சிரிக்காமல்தான் கேட்டார். காலை ஆறரை மணி. பாய்லர் அப்போதுதான் சூடேறியிருந்தது. பெஞ்சில் நானும் தினசரி படிக்கும் பெரியவரும் மட்டும்.

"ஒருத்தருக்கு ஆகாதுண்ணே. ஊருக்கு ஆகும். உங்க சின்னம்மாவைப் பாம்பு கடிச்சுதுன்னு ஒருதரம் சொன்னீங்கல்ல?"

"ஆமா. கடலைக்காட்டுல. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"அந்தச் சாவு எந்த ஆஸ்பத்திரி நோட்டுல இருக்கும்?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "எதுலயும் இருக்காதே."

என் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்றேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் மட்டுமே. வழியில் உயிர் போனவர், வீட்டுத் திண்ணையில் போனவர், மந்திரவாதி வீட்டில் போனவர் யாரும் அதில் இல்லை. அந்த நோட்டுகளை நம்பி 2000களில் எண்ணியபோது, இந்தியா முழுவதும் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் என்று வந்தது. இத்தனை வயல், இத்தனை வரப்பு, இத்தனை பாம்பு இருக்கும் நாட்டுக்கு இந்த எண்ணிக்கை சிலருக்கு உறுத்தியது.

"சரி, வராதவனை எப்படி எண்ணுவே?"

வீடுவீடாகப் போய்த்தான். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும், டொராண்டோவிலிருந்து பிரபாத் ஜா குழுவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பத்து லட்சம் மரணங்களை ஆராயும் திட்டம் என்பதால் அதற்கு 'மில்லியன் டெத் ஸ்டடி' என்றே பெயர். நாடு முழுவதும் 6,671 சிறு பகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். 2001 முதல் 2003 வரை அங்கே நடந்த சாவுகளில் ஏறக்குறைய 1,23,000 சாவுகளை விசாரித்தார்கள்.

பெரியவர் பேப்பரைத் தாழ்த்தினார். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதமா?"

அதேதான். ஆனால் பானையைக் கிளறிவிட்டிருக்க வேண்டும். மேலாக ஒரு சோறு எடுத்தால் அடி தீய்ந்தது தெரியாது. ஆஸ்பத்திரிக் கணக்கு அப்படி மேலாக எடுத்த சோறு. குலுக்கிப் போட்டு ஊர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் கிளறிவிடுவது.

விசாரணை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன், எனக்குப் பிடித்த பகுதி அது. பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இறந்தவர் வீட்டுக்குப் போவார். எப்போது படுத்தார், எங்கே வலித்தது, காய்ச்சல் இருந்ததா என்று கேட்பார். பிறகு வீட்டார் சொல்வதை அவர்கள் மொழியிலேயே அரைப்பக்கம் எழுதிக்கொள்வார். அந்த அரைப்பக்கம் இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போகும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஒத்துவராவிட்டால் மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார்.

"பொம்பளைங்க அழுதுகிட்டே சொல்றதை வெச்சா?" என்றார் அண்ணன்.

நியாயமான சந்தேகம். இதே முறையில் மலேரியாச் சாவுகளை எண்ணி 2010இல் வெளியிட்டபோது உலக சுகாதார நிறுவனமே ஏற்கவில்லை. காய்ச்சல் கதைகள் ஒன்றுபோலவே இருக்கும். எது மலேரியா, எது டைபாய்டு என்று அரைப்பக்கத்தில் பிரிப்பது கஷ்டம். பாம்பு அப்படியில்லை. "வரப்புல போனான், கணுக்கால்ல கொத்திச்சு, கண்ணு சொருகிச்சு" என்று எந்த வீட்டிலும் தெளிவாகச் சொல்வார்கள். ராத்திரி தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும் கட்டுவிரியன்தான் ஏமாற்றும். வலி இருக்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. அதனால் இந்தக் கணக்கு தவறியிருந்தாலும், உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த 1,23,000 சாவுகளில் பாம்புக்கடி 562. நூற்றுக்கு அரையைவிடச் சற்றுக் குறைவு. "இவ்வளவுதானா?" என்றார் பெரியவர். அண்ணனின் கடன் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். நாட்டில் அப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிச் சாவு. அதில் இந்தப் பங்கு என்றால், 2005இல் சுமார் 45,900 பேர். ஆஸ்பத்திரி சொன்னதைவிட முப்பது மடங்குக்கும் மேல். 2011இல் இது வெளியானது. 2020இல் வந்த அடுத்த ஆய்வு, 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் என்றது, ஆண்டுக்கு 58,000.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் அதை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எண்ணிக்கை பெரிதானதால் மட்டும் பயனில்லை. அதைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் வேலைக்கு ஆகும். செத்தவர்களில் 97 சதவீதம் கிராமத்தார். நாலில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைமாதங்களில் உச்சம். பிந்தைய ஆய்வின்படி எட்டு மாநிலங்களில்தான் எழுபது சதவீதம். விஷமுறிவு மருந்தை எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த மாதத்துக்கு முன் நிரப்பி வைக்க வேண்டும் என்று இது சொல்லிவிடுகிறது. மாவட்டத் தலைநகரில் குளிர்பெட்டி நிறைய மருந்து இருந்து என்ன, கடலைக்காட்டுக்கு அது எட்டாது.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு நம் பக்கத்திலிருந்துதான் போகிறது. 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷம் எடுக்கிறது. அதற்கு வழிகாட்டிய ரோமுலஸ் விட்டேக்கர் இந்த இரண்டு ஆய்வுகளிலும் ஆசிரியர்களில் ஒருவர். இங்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து வடக்கே எல்லாப் பாம்புக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பது வேறு கதை. அதற்கு இன்னொரு டீ வேண்டும்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாக்க 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். இவ்வளவும் நடக்க, யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரைப்பக்கம் எழுத வேண்டியிருந்தது.

"எங்க சின்னம்மா வீட்டுக்கு அப்படி யாரும் வரலை" என்றார் அண்ணன், கிளாஸைக் கழுவியபடி.

எல்லா வீட்டுக்கும் வரமாட்டார்கள். குலுக்கலில் உங்கள் ஊர் விழுந்து, சாவு நடந்த வீட்டுக்கு ஒருவர் நோட்டோடு வந்தால், "முடிஞ்சுபோனதைக் கேட்டு என்ன ஆகப்போகுது" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.