திமிர் என்னும் சொல்

சொன்ன பேச்சைக் கேளாத பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குத் திமிர் மிகுதி" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. தில்லியிலும் மும்பையிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இச்சொல்லை வசைச்சொல்லாக மட்டுமே அறிவர். அகராதியைப் புரட்டினால் வேறொரு பொருளும் கிடைக்கும். உடலின் ஓர் உறுப்பு விறைத்து உணர்வு மங்குதலும் திமிரே ஆகும்.

தரையில் நெடுநேரம் சம்மணமிட்டு அமர்ந்தவர் எழ முயலும்போது, அவர் கால் அவருக்கே அயலானதுபோல் தோன்றும். தொட்டாலும் சரியாகத் தெரியாது. சற்று நேரத்தில் எறும்புகள் ஊர்வது போலவும் ஊசிகள் குத்துவது போலவும் குறுகுறுப்பு எழும். உட்காரும்போது காலிலுள்ள நரம்பு அழுந்துவதால், அதன் வழியே மூளைக்குச் செல்லும் செய்தி தடைப்படுகிறது. அழுத்தம் நீங்கியதும் நரம்பு மீண்டும் இயங்கத் தொடங்கும். ஆயினும் உடனே சீராக இயங்காது. அது ஒழுங்கின்றி அனுப்பும் செய்திகளே ஊசிக்குத்தாக உணரப்படுகின்றன.

இந்நிலையை இந்தி பேசுவோர் 'கால் தூங்கிவிட்டது' என்பர். தமிழரோ 'கால் மரத்துப்போயிற்று' என்பர். கால் மரம்போல் ஆகிவிட்டது என்பது கருத்து. கன்னடத்தில் 'மரகட்டு' என்றும் மலையாளத்தில் 'மரவிப்பு' என்றும் வழங்குவதால், உணர்விழந்த உறுப்பை மரமாகக் காணும் வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என அறியலாம். தெலுங்கர் இதனைத் 'திம்மிரி' என்கின்றனர். தமிழ்ப் பேச்சில் பின்தங்கிவிட்ட பழைய பொருள் அங்கே அன்றாட வழக்கில் உள்ளது. வகுப்பில் தெலுங்கு பேசும் தோழர் இருப்பின் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழிலும் அப்பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. கைகால் செயலிழக்கும் நோய்க்குத் திமிர்வாதம் என்று பெயர். தமிழ் விவிலியத்தைப் படிப்போர் 'திமிர்வாதக்காரன்' என்னும் சொல்லை நன்கு அறிவர். அங்கே அச்சொல் செருக்குடையவனைக் குறிக்கவில்லை. எழுந்து நடக்க இயலாத நோயாளியையே குறிக்கிறது.

காலுக்குரிய சொல் குணத்திற்கு எவ்வாறு வந்தது? விறைத்த உறுப்பு வளையாது. 'பணிதல்' என்னும் சொல்லுக்குத் தாழ்தல், வணங்குதல் என்பன பொருள்கள். அவ்வாறு பணியாத மனத்தை விறைத்த உறுப்பாகக் கண்டால் செருக்கு என்னும் பொருள் எளிதில் விளங்கும். உடலைப் பற்றிய சொல்லால் செருக்கைக் கடிவது தமிழர்க்குப் புதிதன்று. கொழுப்பு, தலைக்கனம் ஆகியனவும் அத்தகையனவே.

எழுத்தில் கவனம் தேவை. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடும் கன்று 'திமிறுகிறது'; இங்கே வல்லின றகரம் வரும். இருளைக் குறிக்கும் 'திமிரம்' வடசொல், இதனோடு தொடர்பற்றது.

ஊரிலிருந்து வந்த பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, பேரப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நேர்வதுண்டு. பாட்டி 'கால் மரத்திருக்கிறது' என்றால் இந்தியில் 'சுன்ன்' எனவும், 'ஊசி குத்துவதுபோல் குறுகுறுக்கிறது' என்றால் 'ஜுன்ஜுனி' எனவும் கூற வேண்டும். இரண்டையும் பொதுவாக 'கால்வலி' என்று சொல்லிவிடுவது தவறு. அமர்ந்து எழுந்ததால் வந்த மரமரப்புச் சில நிமிடங்களில் நீங்கும். நீரிழிவு நோயினால் நரம்பு பழுதுற்றிருப்பின் அது நாள்தோறும் நீடிக்கும். உணர்வற்ற பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாமல் புண் பெருகும். எனவே பாட்டி எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதற்கு நேரான சொல்லையே மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லுதல் வேண்டும்.