தங்கவயல் மாட்டுக்கறி ஸ்டூ: அவசரக்காரருக்கு ஆகாது!

கோலார் தங்கவயலில் தங்கம் எடுப்பது 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு நின்றது. வெள்ளைக்காரத் துரைமார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கப்பல் ஏறிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பங்களாக்களில் கொதித்த "ஸ்டூ" ஊரை விட்டுப் போகவில்லை.

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலைக்கு வந்தது. கூடவே இங்கிலாந்துச் சுரங்கக்காரர்கள் வந்தார்கள். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பூமிக்குள் இறங்கினார்கள். ஊருக்கே "குட்டி இங்கிலாந்து" என்று பெயர். துரை வீட்டு ஸ்டூ, ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய் சேர்ந்து நம் நாக்குக்கு ஏற்றதாக மாறியது.

கறியும் மாறிவிட்டது. கர்நாடகத்தின் 2020-ம் ஆண்டுச் சட்டப்படி பசு, காளை, எருது எதையும் கசாப்புக்கு அறுக்கக் கூடாது. 13 வயது தாண்டிய எருமையை மட்டும், அதிகாரி சான்று கொடுத்தால் அறுக்கலாம். ஆக, பெயர் மாட்டுக்கறி ஸ்டூ. சட்டியில் வேகவேண்டியது கிழ எருமை!

கிழ எருமை என்றால் நார்தானே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஸ்டூவுக்கு நாரும் சவ்வும் உள்ள கறிதான் லாயக்கு. உழைத்த கால் சதையும் நெஞ்சுக்கறியும் விலையிலும் குறைவு. சிறுதீயில் அந்தச் சவ்வு மெல்லக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி சக்கையாகும்.

செய்முறை

ஒரு கிலோ கறியைப் பெரிய துண்டுகளாக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மைதா, உப்பு, மிளகுத்தூளில் புரட்டி, சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொள்ளும், வறுபடாது. நிறமும் ருசியும் இதில்தான் இருக்கிறது. பலர் அவசரப்படுவதும் இதே இடத்தில்தான்.

வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, பச்சை மிளகாயை அதே சட்டியில் வதக்கி, தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கலக்க வேண்டும். கறியைப் போட்டு, ஒரு கரண்டி வினிகர் விட்டு மூடினால் மூன்று மணி நேரம் சிறுதீ. கேரட்டும் பீன்சும் கடைசி அரைமணியில்.

உருளைக்கிழங்கைச் சிலர் குழம்பிலேயே போடுவார்கள். தனியே வேகவைத்து, நீர் வடித்து, சூட்டோடு வெண்ணெயும் சுடுபாலும் விட்டு மசித்து, அதன்மேல் ஸ்டூவை ஊற்றுவது இன்னொரு வகை. மிக்சியில் போட்டால் கிழங்கு பசையாகிவிடும்.

மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது? சுரங்கம் மூடியபின் தங்கவயல்காரர்கள் பலர் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூர் வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. வாரநாளில் ஸ்டூ வேண்டுமானால் குக்கர்தான். முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் முக்கால் மணி வைத்து, பிறகு மூடியைத் திறந்து கால்மணி சுண்டவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் குழம்பு ரசம் போல ஓடும்.

ஞாயிறு செய்தால் திங்களன்று ருசி கூடும். டிபன் கேரியரில் கொண்டு போகிறவர்கள் மசித்த கிழங்கை வீட்டிலேயே விட்டுவிடலாம், ஆறினால் இறுகிவிடும். ரயிலில் தொட்டுச் சாப்பிட ரொட்டி போதும்.