மழையை நம்புவதா, வெயிலை நம்புவதா? கொல்லைத் தோட்டம் போடுவோருக்குச் சில வார்த்தைகள்

"மழை வந்தா வெட்டு இல்ல, வெயில் அடிச்சா பால் இல்ல." தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள்தானே நாம்! மரம் நனைந்துவிட்டால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாது. பட்டையெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும். கோப்பையில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். மரம் காயுமா காயுமா என்று காத்திருந்து, காயாமல் போனால் வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். தைக்குப் பிறகு இலையுதிர் காலம் வந்துவிட்டால் வெயில் கொளுத்தும், பாலும் வற்றும். இரண்டிலும் அடி வாங்கியது நாள் கூலிக்காரர்தான்.

அந்த நாள்களில் அடுப்பை அணையாமல் காத்தது எது? லயத்துக்குப் பின்னால் இருந்த அந்த நாலு முழ இடம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, வேலியோரம் மரவள்ளி, பந்தலில் பீர்க்கனும் பாவக்காயும். ஜப்பான்காரன் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசியைக் கண்ணால் காண முடியாதபோது மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் நம் பாட்டன் பாட்டிமார் உயிர் தப்பினார்கள். பிறகு 1970களில் விலைவாசி ஏறி எல்லாரையும் ஆட்டிப் படைத்தபோது, துன் அப்துல் ரசாக் 1974 இல் பசுமைப் புத்தகத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, சும்மா கிடக்கிற நிலத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் தாய்மார்களுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படவில்லை. அவர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியிலிருந்து சட்டம் இருக்கிறது. இருந்தாலும் மலைக்காட்டில் இரண்டு வாரம் மழை பிடித்துக்கொண்டால் சந்தையில் மிளகாய் விலை என்ன ஆகிறது என்பது வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் தெரியும். ஆகவே கொல்லைத் தோட்டத்தின் தேவை போய்விடவில்லை. போனது ஒன்றுதான். வானத்தின் கணக்கு.

ஆடிப்பட்டம் என்பது நம் ஊர்க் கணக்கு. பினாங்குக்கு அது பொருந்துமா என்று யாராவது யோசித்தோமா? தமிழ்நாட்டில் ஆடியில் விதைத்தால் அடுத்து வரும் மழை பயிரைத் தூக்கிவிடும். இங்கே பினாங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும் பங்கு புரட்டாசி, ஐப்பசியில், அதாவது செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் கொட்டுகிறது. சித்திரை, வைகாசிப் பக்கம் பிற்பகல் இடி மழை இன்னொரு சுற்று. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானுவை வெள்ளக்காடாக்கும் தை மாதத்தில், நடுமலைத் தொடர் மறைப்பதால் நமக்கு வெயில். தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களின் கால் கொதிப்பதும், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் சும்மாவா? தீபாவளிக்குக் குடை, தைப்பூசத்துக்குச் செருப்பில்லாத சூடு என்றுதான் நம் பெரியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் கத்தரி நாற்று விட்டார்கள், மரவள்ளிக் குச்சி ஊன்றினார்கள்.

அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி தவறுகிறது. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி வெயில் அடித்தது. 2016 இல் எல் நினோ வந்து மறுபடியும் வாட்டியது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகைமூட்டம் சூரியனையே மறைத்தது. அந்தப் புகையில் இலைமேல் படிந்த கரியைக் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்ட வீடுகளில் கீரை தப்பியது.

அக்கா வீட்டுத் தோட்டம்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பினாங்கு மக்கள் மறக்க முடியாத நாள். பிற்பகலில் பிடித்த மழை இரவெல்லாம் காற்றோடு சேர்ந்து அடித்தது. தீவிலும் செபராங் பிறையிலுமாக ஐந்து மாவட்டங்களிலும் வெள்ளம். ஏழு பேர் மாண்டுபோனார்கள்.

என் அக்கா அப்போது செபராங் பிறையில் ஒரு பழைய லயத்தில்தான் குடியிருந்தார். அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். வடிகால் தூர்ந்து கிடந்ததை எத்தனையோ முறை சொல்லியும் கேட்பார் இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கொல்லையில் இடுப்பளவு. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது அக்கா மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். செடிகள் பச்சையாகத்தான் நின்றன. "பரவால்ல தம்பி, மொளகா தப்பிச்சிருச்சு" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். மத்தியானத்துக்குள் இருபத்தாறு செடியும் தலை தொங்கிவிட்டது. தாகமாக இருக்கும் என்று அக்கா குடம் குடமாக ஊற்றினார். அங்கேதான் தப்பு நடந்தது. தண்ணீரில் நின்ற செடியின் வேர் மூச்சு முட்டி அழுகிப்போயிருக்கும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால்தான் ஈரத்தில் நின்றுகொண்டே வாடுகிறது. மேலும் ஊற்றினால் மிச்ச வேரும் போகும். அப்போது செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் பள்ளம் கீறித் தண்ணீரை வடிய விடவேண்டும். இறுகிய மேல்மண்ணை லேசாகக் கிளறிவிட வேண்டும். தென்னோலையோ பழைய சாக்கோ கட்டி நாலு நாள் நிழல் கொடுக்க வேண்டும். காயும் பூவும் கிள்ளி எறிந்துவிட்டால் செடிக்குப் பாரம் குறையும். இது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

மரவள்ளி கதை இன்னும் மோசம். ஒரு வாரத்தில் மண்ணுக்குள்ளேயே நாறிவிட்டது. எது தப்பியது தெரியுமா? சாக்கடை ஓரத்துக் கங்கோங். அது தண்ணீரைக் கண்டால் கொண்டாடும் கீரை. அப்புறம், வருடக்கணக்காக அடுப்புச் சாம்பல் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன இடத்தில் நின்ற ஒரே ஒரு முருங்கை. வேலியோரம் பள்ளத்தில் நின்ற மற்ற முருங்கை பட்டுப்போனது. ஒரே மரம், ஒரே மழை, இரண்டடி உயரம்தான் வித்தியாசம்.

அக்காவுக்குப் பிடிபட்டது அதுதான். இப்போது அவர் பாத்திகளை ஒரு முழ உயரத்துக்கு அணைத்து, நடுவே வாய்க்கால் விட்டுத்தான் எதையும் நடுகிறார். மேட்டில் மிளகாய், கத்தரி, மரவள்ளி. சரிவில் வெண்டை, பயத்தங்காய். பள்ளத்தில் கங்கோங், கரையில் வாழை. மழை ஓங்கினால் பள்ளம் சாப்பாடு போடும், வெயில் ஓங்கினால் மேட்டு முருங்கை போடும். இரண்டும் ஒரே சமயத்தில் கைவிடாது என்பது அவர் கணக்கு. மரவள்ளியில் நல்ல குச்சிகள் நாலைந்தை எப்போதும் வெட்டி, திண்ணை நிழலில் நட்டமாகச் சாய்த்து வைத்திருப்பார். தோட்டம் முழுகிப்போனாலும் விதைக்குச்சி வீட்டில் இருக்குமல்லவா?

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டும். வெள்ளத்தில் முழுகிய கீரையைப் பறித்துச் சமைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் கக்கூசுத் தண்ணீரும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலியால் வரும் காய்ச்சல் ஆளைக் கொல்லும். காலில் வெட்டுக்காயம் இருக்க, வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். வேலைக்காட்டுக்குப் போடும் பூட்ஸை வீட்டுத் தோட்டத்துக்கும் போடுங்கள். வெள்ளம் வடிந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் கடை மாத்திரையோடு நிற்காமல் கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நின்றேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

காய்கிற நாளில்

வெயிலுக்கு வருவோம். நம் மாநிலத்துக் குடிதண்ணீரில் பெரும் பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு வற்றினால் குழாயும் வற்றும். 2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள் பெரிய வால்வு மாற்றுவதற்காகத் தண்ணீர் நிறுத்தியபோது குடத்தோடு அலைந்தது நினைவிருக்கும். வானத்தால் வந்த தட்டுப்பாடு அல்ல அது. ஆனாலும் வாளித் தண்ணீரில் தோட்டத்தைக் காப்பாற்றப் பழகிக்கொண்ட பாடம் கிடைத்தது. அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர், மீன் கழுவிய நீர் மூன்றும் செடிக்கு நல்லது. சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள். வாழைக்குப் போகட்டும்.

காலையில் ஒரு தடவை, வேர் நனைய நிறைய ஊற்றுவது, மூன்று வேளையும் மேலே தெளிப்பதைவிட மேல். வெறும் மண்ணை வெயிலில் காட்டாதீர்கள். லாலான் புல்லைப் பூ வருமுன் அறுத்துக் காயவைத்து நாலு விரல் கனத்துக்கு மூடுங்கள். அதே மூடாக்கு அடைமழையில் மண் தெறித்து இலையில் படாமலும் காக்கும். மிளகாய்க்குக் காய் அழுகல் வருவது பெரும்பாலும் அந்தத் தெறிப்பால்தான். பழைய தண்ணீர்ப் போத்தலின் அடியை அறுத்து, மூடியில் ஊசித் துளை போட்டு, தலைகீழாக வேர்ப்பக்கம் புதைத்து நிரப்பி வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

மழைத்தண்ணீரைத் தோம்பில் பிடித்து வைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். முதலாவது, அது என்ன தோம்பு? புல்லுக்கு மருந்தடித்த டின்னையும் தோம்பையும் கழுவி வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிற வழக்கம் நம்மிடையே இருந்தது. பாராகுவாட் மருந்தை இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்காகப் போராடியவர்களில் நம் தோட்டப் பெண்களும் உண்டு. ஆனால் பழைய டின்கள் இன்னும் சில கொட்டகைகளில் உருண்டுகொண்டுதான் இருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் வேண்டாம். இரண்டாவது, கொசு. ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கிற கொசுவாகிவிடும். தோம்பின் வாயை மெல்லிய வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள், வாரம் ஒரு முறை அடித்தளத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுகாதார இலாகாக்காரர் வந்து புழுவைக் கண்டால் 500 வெள்ளிவரை அபராதம். ஆறு மாதத்துக் கீரைக் காசு அதிலே போய்விடும்.

எருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடைமழை மண்ணிலுள்ள சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடும். ஒரே தடவையாக மூட்டை உரம் கொட்டினால் காசுதான் கரையும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே நல்லது. இயற்கை உரத்தில் வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதன் கல்வி அதிகாரி என்.வி. சுப்பாராவ் இதைப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோனவர். காசில்லாமல் செய்யக்கூடியது மீன் கரைசல். சந்தையில் வீசுகிற மீன் குடலும் செதிலும் ஒரு பங்கு, பழுப்புச் சீனி அல்லது வெல்லம் ஒரு பங்கு. மூடி போட்டு நிழலில் மூன்று வாரம் வையுங்கள். வடித்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு கரண்டிக்கு மேல் போகாமல் கலந்து ஊற்றுங்கள். கூடினால் செடி கருகும். நாற்றத்துக்கு அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தால் என்னைக் காட்டிக் கொடுக்காதீர்கள்!

வானத்தைவிட நிச்சயமில்லாதது ஒன்று உண்டு, அது காலடி நிலம். பத்து காவானில் கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது, இன்று தொழிற்சாலைகளும் 2014 இல் திறந்த இரண்டாவது பாலமும் நிற்கின்றன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அக்காவும் இப்போது நாலாம் மாடியில்தான் இருக்கிறார். பாத்தி போட்ட மண்ணில் ஒரு சாக்கும், சாம்பல் மேட்டு முருங்கையில் ஒரு கிளையும் மட்டும் கூட வந்தன. பெயிண்ட் வாளியின் அடியில் ஆறு துளை போட்டு மிளகாய் வைத்திருக்கிறார். வாளிக்கு ஒரு வசதி, மழை சாய்ந்தால் உள்ளே இழுக்கலாம், வெயில் ஏறினால் சுவரோரம் தள்ளலாம். காற்றுக்கு விழாமல் கம்பியில் கட்டிவைப்பது முக்கியம். கீழே நடக்கிறவர் தலையும் தலைதானே.

வானிலை இலாகாவின் எச்சரிக்கை இப்போது கைப்பேசியிலேயே வருகிறது. பேரன் அதைத் திறந்து காட்டுவான். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் முதல் கட்ட வெப்ப எச்சரிக்கை. அக்கா அதையும் கேட்டுக்கொள்வார், சன்னலோரம் எறும்பு முட்டை தூக்குவதையும் பார்ப்பார். இரண்டையும் முழுசாக நம்பமாட்டார். விதையை மட்டும் எக்காலத்திலும் ஒரே தடவையாகப் போடுவதில்லை. பாதி போட்டு, பத்துப் பதினைந்து நாள் விட்டு மீதியைப் போடுவார். முதல் பாதி மழையில் போனால் இரண்டாவது நிற்கும்.

போன வாரம் நான் போயிருந்தபோது கரிசல் பிடித்த பழைய மைலோ டின் ஒன்றைத் திறந்து, சாம்பலில் புரட்டிய வெண்டை விதையைக் காட்டினார்.

"இது ரெண்டாவது தவணைக்கு, தம்பி. மொதல்ல போட்டது மொளைச்சிருச்சு. இருட்டுறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."