கோல் அடித்தால் தோளில் தூக்குறாங்க... மலப்புரத்தை கலக்கும் 'சூடானி' யார்?

திருவண்ணாமலை: நம்ம ஊரில் மகா தீபம் ஏற்றும் சமயத்தில், பக்கத்து மாநிலமான கேரளாவில் இன்னொரு திருவிழா களைகட்ட ஆரம்பிக்கும். அதுதான் 'செவன்ஸ்' கால்பந்து. மழை ஓய்ந்ததும் தொடங்கி மே மாதம் வரை நடக்கும்.

குறிப்பாக மலப்புரம் மாவட்டத்தில் இதற்கு மவுசு அதிகம். அறுவடை முடிந்த வயலில் சாரம் கட்டி கேலரி போடுவார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். அணிக்கு 11 பேர் இல்லை, 7 பேர்தான். சின்ன மைதானம் என்பதால் பந்து ஓயாமல் பறக்கும்.

இதில் ரசிகர்களின் செல்லப்பிள்ளை யார் தெரியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வரும் இளைஞர்கள்தான்!

ஊரே வைத்த பெயர்

நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, மலப்புரத்துக்காரர்களுக்கு அவர் 'சூடானி'தான். நல்ல உடல்வாகு, மின்னல் ஓட்டம், இடி மாதிரி ஷாட். அணிக்கு இரண்டு மூன்று சூடானி இருந்தால் கூட்டம் தானாக வரும்.

இவர்களை வைத்து 2018-ல் வந்த மலையாளப் படம்தான் 'சூடானி ஃப்ரம் நைஜீரியா'. அடிபட்டுப் படுத்துவிட்ட நைஜீரிய வீரரை, அணி மேனேஜரின் தாய் சொந்தப் பிள்ளை போல் பார்த்துக்கொள்ளும் கதை. சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

வழிகாட்டிய சீமா

நைஜீரிய வீரர்களுக்கு இங்கே பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர் சீமா ஒகோரி. 1980-களில் கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் அணிகளில் வெளுத்துக் கட்டினார். வெளிநாட்டு வீரரையே சேர்க்காமல் இருந்த மோகன் பகான், 1991-ல் இவருக்காக அந்த வழக்கத்தை மாற்றியது. பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கும் ஆடப் போனார்.

ஆனால் எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. செவன்ஸ் ஆட்டத்துக்கு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. பெரும்பாலும் மேட்ச் ஆடினால்தான் காசு. கால் உடைந்தால் வருமானம் போச்சு. சீசன் முடிந்தால் அடுத்த பிழைப்பைத் தேட வேண்டும்.

அடி விழுந்த சம்பவம்

கைதட்டும் கூட்டம் எப்போதும் கைதட்டாது என்பதற்கும் மலப்புரமே சாட்சி. 2024 மார்ச்சில் அரீக்கோடு அருகே ஆட வந்த ஐவரி கோஸ்ட் இளைஞரை, கூட்டம் துரத்தித் துரத்தி அடித்தது. அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவி பரபரப்பானது. நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள், கல் எறிந்தார்கள் என்று மாவட்ட போலீஸ் உயர் அதிகாரியிடம் அவர் புகார் கொடுத்தார்.

பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போய்வரும் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புதுசில்லை. வேலை நடக்கும் வரை 'வா தம்பி' என்பார்கள். ஒரு தகராறு வந்தால் முதலில் கை நீட்டுவது வெளியூர்க்காரன் மேல்தான். கடல் தாண்டி வந்த சூடானிக்கு, ஓடிப்போய் நிற்க பக்கத்தில் சொந்த ஊரும் இல்லை.